மேகசின் டபுள் ஸ்ப்ரெட் அனாலிசிஸ்: விஸ்காம் படிக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

செமஸ்டர் ப்ராஜெக்ட் நேரம் வந்தா விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), ஜர்னலிசம் படிக்கிற பசங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா கீழ இருக்கிற எல்லா பதிலும் இதுல இருந்துதான் வருது. ஹெட்டிங் இங்க இருக்கு, போட்டோ அங்க இருக்குன்னு பாகம் பாகமா பேர் எழுதி அம்புக்குறி போட்டா மார்க் கிடைக்காது. அந்த ரெண்டு பக்கத்துல ஒவ்வொரு இடத்துலயும் யாரோ ஒரு டிசைனர் ஒரு முடிவு எடுத்திருக்கார், அது என்ன முடிவு, வேற எப்படி எடுத்திருக்கலாம், இப்படி எடுத்ததால படிக்கிறவர் கண்ணும் கையும் என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, அதுக்குப் பேருதான் அனாலிசிஸ்.

டபுள் ஸ்ப்ரெட்னு எதச் சொல்றோம்? எதிரெதிரா இருக்கிற எந்த ரெண்டு பக்கமும் ஸ்ப்ரெட்தானா?

பிரிச்சு வச்சா ஒரே நேரத்துல கண்ணுல படுற ரெண்டு பக்கத்தையும் ஸ்ப்ரெட்னுதான் பிரஸ்ல சொல்வாங்க. ஆனா உங்க ப்ராஜெக்ட்ல கேட்கிறது ஒரே மேட்டருக்காக ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பரப்பா யோசிச்சு டிசைன் பண்ணத. இடது பக்கத்துல ஒரு கட்டுரையோட கடைசி பாதி, வலது பக்கத்துல வேற கட்டுரையோட ஆரம்பம்னு இருந்தா அத எடுக்காதீங்க. இடது பக்கம் எப்பவும் இரட்டைப்படை நம்பர், வலது பக்கம் ஒற்றைப்படை, அதனால ரிப்போர்ட்ல "பக்கம் 32–33"ன்னு எழுதுவீங்க, "33–34"ன்னு எழுதிட்டா அது ஒரே தாளோட முன்னும் பின்னும் ஆயிடும், ஸ்ப்ரெட் ஆகாது.

எந்த ஸ்ப்ரெட்ட எடுக்கிறது? நெட்ல கிடைக்கிற படம் போதாதா?

போதாது. அச்சுல வந்த இதழ கையில வச்சுக்கிட்டு பண்ணுங்க. நெட்ல வர்ற படத்துல மடிப்பு தெரியாது, தாள் வழவழப்பா சொரசொரப்பான்னு தெரியாது, ஃபான்ட் சைஸ் அளக்க முடியாது, பாதி நேரம் அது டிசைனர் ஒருத்தர் தன்னோட போர்ட்ஃபோலியோவுக்காக செஞ்சது, எந்த இதழ்லயும் வந்திருக்காது. முடிஞ்சா ஒரே இதழ ரெண்டு காப்பி வாங்குங்க, ஒண்ண கோடு போட்டு, வெட்டி, கிறுக்கி வீணாக்குறதுக்கு, இன்னொண்ணு சுத்தமா ரிப்போர்ட்ல ஒட்டுறதுக்கு.

பழைய இதழ் வேணும்னா பழைய பேப்பர் கடையில கேளுங்க, கிலோ கணக்குல கிடைக்கும். சென்னையில இருக்கிறவங்களுக்கு தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் வாழ்நாள் பூரா சேர்த்து வச்ச புத்தகம், பத்திரிகையில இருந்து உருவான இடம் அது. எழும்பூர்ல கன்னிமாரா நூலகம் 1896-ல இருந்து இருக்கு. 1950-கள்ல ஒரு வாரப் பத்திரிகைப் பக்கம் எப்படி இருந்ததுன்னு ஒரு தடவையாவது நேர்ல போய்ப் பாருங்க, ஆயிரம் ஸ்கிரீன்ஷாட் சொல்லாதத அது சொல்லும்.

முதல் வேலையா என்ன செய்யணும்?

பேனா எடுக்காதீங்க. ஸ்ப்ரெட்ட மேஜையில விரிச்சு வச்சு, எழுந்து நின்னு, ரெண்டு அடி தள்ளி கண்ண பாதி மூடிக்கிட்டு பாருங்க. எழுத்து மங்கிப் போயிடும், வெறும் கருப்பு, வெள்ளை, கலர் திட்டுகள் மட்டும் தெரியும். எது கனமா இருக்கு, எங்க வெறுமையா இருக்கு, கண்ணு முதல்ல எங்க போய் உட்காருதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் ஒரு தீப்பெட்டி சைஸ்ல அந்த ஸ்ப்ரெட்ட கட்டம் கட்டமா கையால வரைங்க, அழகா வேணாம், போட்டோவுக்கு ஒரு கட்டம், டெக்ஸ்டுக்கு கோடு, ஹெட்டிங்குக்கு ஒரு பட்டை. இத பண்ணா லேஅவுட்டோட எலும்பு தெரிஞ்சிடும்.

மூணாவதா, இதப் பத்தி ஒண்ணுமே தெரியாத நாலஞ்சு பேருகிட்ட, அம்மா, ஹாஸ்டல் ரூம்மேட், டீக்கடை அண்ணன், யாரா இருந்தாலும் சரி, அந்த ஸ்ப்ரெட்ட கொஞ்ச நேரம் காட்டி மூடிட்டு "என்ன பாத்தீங்க"ன்னு கேளுங்க. அவங்க சொல்ற வரிசைய அப்படியே எழுதுங்க. உங்க ரிப்போர்ட்ல வர்ற வேற எந்த தியரியையும் விட இந்த பாரா உங்களுடையதா இருக்கும்.

கிரிட் எப்படி கண்டுபிடிக்கிறது? எங்க சார் கிரிட் எங்கன்னு கேட்கிறார்.

கிரிட்னா படமும் எழுத்தும் எங்க உட்காரணும்னு டிசைனர் முதல்லயே போட்டுக்கிற, அச்சுல தெரியாத கோடுகள். ஸ்கேலும் டிரேசிங் பேப்பரும் எடுங்க. இங்க ஒரு மாதிரி ஸ்ப்ரெட் வச்சு விளக்குறேன், இது எந்த இதழ்லயும் வந்தது இல்ல, விளக்கத்துக்காக நானே கட்டினது, கீழ வர்ற பதில்கள்லயும் இதையே தொடர்வேன்.

தவில் வாசிக்கிற ஒரு பொண்ணோட பேட்டின்னு வச்சுக்குவோம். பக்கம் ஏ4, அதாவது 210-க்கு 297 மி.மீ., ஸ்ப்ரெட் மொத்தம் 420 மி.மீ. அகலம். இடது பக்கம் முழுக்க அவங்க போட்டோ, ஓரம் விடாம விளிம்பு வரைக்கும், அதோட மடிப்பத் தாண்டி வலது பக்கத்துக்குள்ள 35 மி.மீ. வந்திருக்கு. ஆக போட்டோ 245 மி.மீ. மிச்சம் 175. அதுல போட்டோவுக்கும் டெக்ஸ்டுக்கும் நடுவுல 10 மி.மீ. சந்து, வலது ஓர மார்ஜின் 15 மி.மீ., போக 150 மி.மீ.-ல தான் எழுத்து. அந்த 150-ல மூணு காலம் (column, அதாவது எழுத்து நிரம்புற நெட்டுப் பட்டை), ஒவ்வொண்ணும் 46 மி.மீ., நடுவுல ரெண்டு இடைவெளி 6 மி.மீ. வீதம். கூட்டிப் பாருங்க, சரியா வரும்.

இப்படி உங்க ஸ்ப்ரெட்ட அளந்து டிரேசிங் பேப்பர்ல கோடு போட்டுட்டா அடுத்து கோட்டுக்கு வெளிய போனது எதுன்னு பாருங்க. ப்ளர்ப் (கட்டுரையில இருந்து ஒரு வரிய எடுத்துப் பெருசா போடறது) ரெண்டு காலத்த அடைச்சு நிக்குதா, ஹெட்டிங் போட்டோ மேல ஏறுதா, ஒரு சின்ன கட்அவுட் படம் காலத்துக்குள்ள மூக்க நுழைக்குதா. கோட்டுக்குள்ள இருக்கிறது பழக்கம், கோட்டத் தாண்டுனதுதான் டிசைனரோட குரல், உங்க ரிப்போர்ட்ல நிறைய இடம் அதுக்குக் குடுங்க. ஜெர்மனியில 1959-ல இருந்து 1970 வரைக்கும் வந்த ட்வென்ங்கிற இதழுக்கு வில்லி ஃப்ளெக்ஹவுஸ்னு ஒருத்தர் டிசைன் பண்ணார், பன்னெண்டு பகுதியா பிரிச்ச கிரிட் வச்சிருந்தார். பன்னெண்டுங்கிறதால பக்கத்த ரெண்டாவும் மூணாவும் நாலாவும் ஆறாவும் பிரிச்சுக்கலாம், ஒரே எலும்புல எத்தனையோ உடம்பு கிடைக்கும். கிரிட்னா கட்டிப்போடுறதுன்னு நினைக்கிறவங்க அந்தப் பக்கங்கள ஒரு தடவ தேடிப் பாக்கணும்.

நடு மடிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏன்னா ஸ்ப்ரெட்ட போஸ்டர்ல இருந்து பிரிக்கிறதே அந்த மடிப்புதான். ஸ்டேப்ளர் பின் அடிச்ச இதழ்னா நட்ட நடு ஸ்ப்ரெட் மட்டும்தான் ஒரே தாள்ல அச்சாகியிருக்கும், மத்த எல்லா ஸ்ப்ரெட்லயும் இடது பக்கம் ஒரு தாள், வலது பக்கம் இன்னொரு தாள். அட்டையும் சேர்த்து 64 பக்க இதழ்னா 32-ம் 33-ம் ஒரே தாள். ஆனா 2-ம் பக்கத்துக்கு ஒட்டுன பக்கம் 3 கிடையாது, 63. ரெண்டு பக்க நம்பரையும் கூட்டுனா எப்பவும் 65 வரும், கையில இருக்கிற இதழோட பின்ன கழட்டிப் பாருங்க, புரிஞ்சிடும்.

இதனால என்ன ஆகுதுன்னா, நடுப்பக்கம் தவிர மத்த இடத்துல படம் மடிப்பத் தாண்டுச்சுன்னா ரெண்டு தாளும் ஒரு இழை தள்ளி உட்கார்ந்தாலும் கோடு உடையும், கலரும் லேசா மாறும். நடுப்பக்கத்துல நடிகர் படம் பெருசா போடுற வழக்கத்துக்கு இது ஒரு முக்கிய காரணம், கழட்டி சுவத்துல ஒட்டுறதுக்கும் அது முழுசா வரும். பசை வச்சு ஒட்டுன தடி இதழ்னா வேற தொல்லை, அது முழுசா விரியாது, மடிப்புல ரெண்டு பக்கமும் சில மி.மீ. உள்ள போயிடும். அந்த இடத்துல ஒரு மூஞ்சி இருந்தா மூக்கு காணாமப் போகும், ஹெட்டிங்ல ஒரு எழுத்து இருந்தா வார்த்தையே மாறிடும்.

நம்ம தவில் ஸ்ப்ரெட்ல மடிப்பு எங்க விழுதுன்னு பாருங்க. முகம் முழுசா இடது பக்கத்துல மேல. மடிப்பு விழுற இடத்துல தவிலோட பலாமரக் கட்டை உடம்பு, அங்க பார்க்கவேண்டிய நுணுக்கம் ஒண்ணும் இல்ல, ரெண்டு மி.மீ. உள்ள போனாலும் நஷ்டம் கிடையாது. வலது பக்கத்துக்குள்ள வர்ற அந்த 35 மி.மீ.-ல கழி பிடிச்ச அவங்க இடது கை. இது தற்செயலா நடக்காது, போட்டோவ இழுத்து இழுத்து அங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கணும். இத எழுதினா டிசைனர் மனசுக்குள்ள நீங்க போயிட்டு வந்திருக்கீங்கன்னு வாசிக்கிறவருக்குத் தெரியும்.

போட்டோவ பத்தி என்ன எழுதறது? "அழகா இருக்கு"ங்கிறதுக்கு மேல எதுவும் வரமாட்டேங்குது.

பார்வை எங்க போகுதுன்னு ஆரம்பிங்க. ஆள் நம்மள நேரா பாத்தா நம்மகிட்ட பேசற மாதிரி, வேற பக்கம் பாத்தா நாம ஒளிஞ்சு பாக்கிற மாதிரி. பக்கத்த விட்டு வெளிய பாத்தா நம்ம கண்ணும் வெளிய போயிடும், அதனாலதான் இடது பக்கத்துல இருக்கிற ஆள் பெரும்பாலும் வலது பக்கத்த, அதாவது டெக்ஸ்ட்ட பாக்கிற மாதிரி படம் தேர்ந்தெடுக்கிறாங்க. நம்ம தவில் பொண்ணு தன்னோட இடது கைய குனிஞ்சு பாக்குறாங்க, அந்தக் கை மடிப்பத் தாண்டி நிக்குது, கழியோட நுனி ஹெட்டிங்க காட்டுது. முகம், பார்வை, கை, கழி, ஹெட்டிங்னு கண்ணு தானா வழுக்கிக்கிட்டே போகும்.

அடுத்தது க்ராப். என்ன வெட்டி எறிஞ்சிருக்காங்கன்னு யோசிங்க. அவங்க வலது கை விரல்ல மாட்டியிருக்கிற கூடு, துணியும் பசையும் சுத்தி கெட்டியாக்கினது, அது படத்துல தெளிவா தெரியுற மாதிரி விட்டிருந்தா அந்தக் கட்டுரை அவங்க தொழில மதிக்குது. அந்தக் கைய வெட்டிட்டு முகமும் நகையும் மட்டும் வச்சிருந்தா கட்டுரை என்னதான் கலையப் பத்திப் பேசினாலும் படம் வேற ஏதோ பேசுது. கேமரா பொண்ண ஆம்பள கண்ணால பாக்கிற பொருளா ஆக்குதுன்னு லாரா மல்விங்கிற சினிமா ஆய்வாளர் 1975-ல 'ஆண் பார்வை'ன்னு சொன்னத இங்க கொண்டுவரலாம், ஆனா பேர மட்டும் போட்டுட்டுப் போகாம, க்ராப்ல எந்த விளிம்பு எங்க வெட்டுதுன்னு காட்டி நிரூபிங்க.

போட்டோ பல படமா இருந்தா வரிசை முக்கியம். இதுக்கு எல்லாரும் பாக்கவேண்டியது லைஃப் இதழ் 1948 செப்டம்பர்ல போட்ட யூஜின் ஸ்மித்தோட "கன்ட்ரி டாக்டர்". அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல க்ரெம்லிங்னு ஒரு சின்ன ஊர், அங்க ஒரே டாக்டர். கருமேகத்துக்கு அடியில பையத் தூக்கிக்கிட்டு நடந்து வர்ற படம் ஒண்ணு, எல்லாம் முடிஞ்சு சோர்ந்து போய் கையில காபியும் சிகரெட்டுமா நிக்கிற படம் ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற படங்கள பெருசு சிறுசா மாத்தி மாத்தி வச்சதாலதான் ஒரு கதை ஆச்சு, எல்லாத்தையும் ஒரே சைஸ்ல போட்டிருந்தா அது ஆல்பம்.

கேப்ஷன் பத்தி தனியா எழுதணுமா?

எழுதுங்க, ரொம்பப் பேர் விட்டுடறாங்க. ஒரு படத்துக்குப் பத்து அர்த்தம் இருக்கலாம், கேப்ஷன் அதுல ஒண்ணப் பிடிச்சு ஆணி அடிச்சுடும். ரோலான் பார்த்ங்கிற பிரெஞ்சு சிந்தனையாளர் 1964-ல ஒரு பாஸ்தா விளம்பரத்த எடுத்துக்கிட்டு எழுதுன கட்டுரையில இததான் நங்கூரம்னு சொல்றார். கேப்ஷன கையால மறைச்சுட்டு படத்தப் பாருங்க, அப்புறம் திறந்து பாருங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எழுதுங்க, அவ்வளவுதான்.

ஃபான்ட் பத்தி எழுத தமிழ்ல என்ன இருக்கு? செரிஃப், சான்ஸ் செரிஃப்னு எழுதினா போதுமா?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. (செரிஃப்னா எழுத்தோட நுனியில சின்னக் கால் இருக்கிற ஃபான்ட், சான்ஸ் செரிஃப்னா அது இல்லாதது.) இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கிறத அப்படியே தமிழ்ப் பக்கத்துக்குப் போட்டா பாதி பொருந்தாது. தமிழ்ல கேபிடல் லெட்டர் கிடையாது, அதனால "ஹெட்டிங் எல்லாம் கேப்ஸ்ல இருக்கு, கத்துற மாதிரி இருக்கு"ன்னு எழுத வழி இல்ல. தமிழ்ல அந்த வேலைய சைஸ், கனம், கலர், கையெழுத்து இதெல்லாம்தான் செய்யுது. வாரப் பத்திரிகையில தொடர்கதை தலைப்ப ஓவியரே கையால எழுதித் தர்ற வழக்கம் ரொம்ப நாளா இருந்தது, படத்தோட கோடும் எழுத்தோட கோடும் ஒரே கையில இருந்து வந்திருக்கும். அப்படி ஒரு பழைய ஸ்ப்ரெட் கிடைச்சா விட்டுடாதீங்க.

ட்ராப் கேப்ப எடுத்துக்கோங்க, பாரா ஆரம்பத்துல ஒரு எழுத்த மூணு வரி உசரத்துக்கு போடறது. நம்ம தவில் கட்டுரை "கொட்டுச் சத்தம் கேட்டாலே"ன்னு ஆரம்பிக்குதுன்னு வைங்க. பெருசாகவேண்டியது "கொ". அதுல ஒற்றைக்கொம்பு முன்னாடி, க நடுவுல, கால் பின்னாடி, மூணும் சேர்ந்து பெருசாகணும், அகலம் எகிறிடும், 46 மி.மீ. காலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல அதுவே தின்னுடும். டிசைனர் அதுக்கு என்ன பண்ணியிருக்கார்னு பாருங்க, ரெண்டு வரி உசரத்துக்குக் குறைச்சாரா, காலத்துக்கு வெளிய இடது பக்கமா தள்ளிட்டாரா, இல்ல எடிட்டர்கிட்ட சொல்லி முதல் வார்த்தையையே மாத்திட்டாரா. கொம்ப விட்டுட்டு "க"வ மட்டும் பெருசாக்குன பக்கமும் வரும், அத தப்புன்னு தைரியமா எழுதலாம்.

இன்னொண்ணு காலம் அகலம். தமிழ் வார்த்தை நீளம், "கண்டுபிடிக்கவேண்டியிருந்தது"ன்னு ஒரே வார்த்தை ஒரு வரிய விழுங்கிடும். ஒடுங்குன காலத்துல ரெண்டு ஓரமும் நேரா வரணும்னு ஜஸ்டிஃபை பண்ணா ஒரு வரிக்கு ரெண்டு மூணு வார்த்தைதான் நிக்கும், நடுவுல பள்ளம் பள்ளமா வெள்ளை விழும், அந்தப் பள்ளங்கள் வரிக்கு வரி சேர்ந்து ஆறு மாதிரி கீழ ஓடும். சில பேர் வார்த்தைய ஹைஃபன் போடாமலே உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போவாங்க, சில பேர் வலது ஓரத்த ஒழுங்கில்லாம விட்டுடுவாங்க. உங்க ஸ்ப்ரெட் எதப் பண்ணியிருக்குன்னு பாருங்க. வரி இடைவெளியும் அப்படித்தான், கு, கூ, ழ, ஞ எல்லாம் கீழ இறங்கும், கி, கீ மேல ஏறும், இங்கிலீஷுக்கு விடற இடைவெளி தமிழுக்குப் பத்தாது, இடிக்கும்.

கலர் பத்தி?

கலருக்கு அர்த்தம் சொல்ற பட்டியல், சிவப்புன்னா கோபம், நீலம்னா அமைதின்னு, அத எழுதாதீங்க, யாரும் நம்பமாட்டாங்க. அந்தக் கலர் எங்கிருந்து எடுத்ததுன்னு பாருங்க. நம்ம ஸ்ப்ரெட்ல அவங்க கட்டியிருக்கிற புடவை அரக்கு, ஹெட்டிங்கும் அதே அரக்கு, ப்ளர்ப்புக்குப் பக்கத்துல ஒரு கோடும் அதே. போட்டோவுல இருந்து ஒரு கலர எடுத்து எதிர்ப்பக்கத்துல தூவினா ரெண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரியும். மடிப்பு பிரிச்சத கலர் சேர்த்து வைக்குது.

வெள்ளையா விட்ட இடத்தையும் டிசைன்னு சொல்லலாமா? எங்க ஊர்ப் பத்திரிகையில அப்படி இடமே இருக்காதே.

தாராளமா சொல்லலாம். அலெக்ஸி ப்ரோடோவிச்னு ஒருத்தர், ரஷ்யாவுல பிறந்து அமெரிக்கா போனவர், 1934-ல இருந்து 1958 வரைக்கும் ஹார்ப்பர்ஸ் பஜாருக்கு ஆர்ட் டைரக்டர். டெக்ஸ்ட்ட ஒரு சின்னத் துண்டா ஆக்கி, போட்டோவோட உருவத்துக்கு ஏத்த மாதிரி சாய்ச்சு வளைச்சு வச்சு, மிச்சத்த அப்படியே வெள்ளையா விடுவார். பக்கங்கள எல்லாம் தரையில பரப்பி வச்சு, ஒரு ஸ்ப்ரெட்டுக்கு அடுத்து எந்த ஸ்ப்ரெட் வரணும்னு நகர்த்தி நகர்த்திப் பாப்பாராம். இன்னிக்கு நாம ஃபேஷன் இதழ்னு நினைக்கிற தோற்றத்துல பெரும்பங்கு அவர் போட்ட பாதைதான்.

ஆனா நம்ம வாரப் பத்திரிகை நெருக்கமா இருக்கிறத குறைன்னு எழுதிடாதீங்க, இத நான் அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன். விலை கம்மி, தாள் செலவு அதிகம், வாங்குறவர் குடுத்த காசுக்குப் படிக்க நிறைய இருக்கணும்னு எதிர்பார்ப்பார், பஸ்லயும் சலூன்லயும் பல பேர் கை மாறிப் படிக்கிற பொருள் அது. ஜோக், துணுக்கு, பெட்டிச் செய்தின்னு அடைச்சு வச்சது அந்த வாசகருக்காக எடுத்த முடிவு. அந்த நெருக்கத்துக்குள்ளயும் கண்ணுக்கு எங்க மூச்சு விட இடம் குடுத்திருக்காங்கன்னு தேடுங்க, பெரும்பாலும் ஓவியத்துக்குள்ளதான் அந்த இடம் ஒளிஞ்சிருக்கும்.

தமிழ்ப் பத்திரிகை எடுக்கலாமா? இங்கிலீஷ் இதழ் எடுத்தாதான் மார்க்னு சீனியர்ஸ் சொல்றாங்க.

தமிழையே எடுங்க. வோக், நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்தி எழுதியாச்சு, எழுதிக்கிட்டே இருக்காங்க, நீங்க புதுசா சேர்க்கிறது கஷ்டம். நம்மகிட்ட எவ்வளவு இருக்கு பாருங்க. 1926-ல ஆரம்பிச்ச ஆனந்த விகடன், 1941-ல கல்கி, 1947-ல குமுதம். கல்கியில 1950-ல இருந்து 54 வரைக்கும் பொன்னியின் செல்வன் தொடரா வந்தப்போ மணியம் வரைஞ்ச படங்கள்தான் இன்னிக்கும் வந்தியத்தேவன்னா நம்ம மனசுல வர்ற முகம். விகடன்ல தில்லானா மோகனாம்பாளுக்கு கோபுலு, கோயில் கோயிலா நேர்ல போய் சிற்பங்கள வரைஞ்ச சில்பி, மணியத்தோட மகன் மணியம் செல்வன், இவங்க யாரப் பத்தியும் டிசைன் கண்ணோட எழுதுனது ரொம்பக் குறைவு. ஒரு தொடர்கதைப் பக்கத்துல ஓவியம் டெக்ஸ்ட்ட எப்படி வளைச்சுப் போக வைக்குது, பாத்திரத்தோட பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, அந்த வாரக் கதையில எந்த நிமிஷத்த ஓவியர் பிடிச்சிருக்கார், எத வேணும்னே மறைச்சிருக்கார்னு எழுதுங்க. அடுத்த வாரம் வரைக்கும் வாசகர காத்திருக்க வச்ச வேலைய கதை பாதி செஞ்சது, படம் பாதி செஞ்சது.

ஒரு பக்கம் கட்டுரை, எதிர்ப்பக்கம் விளம்பரம். இத எடுக்கலாமா?

பொதுவா வேணாம். ஆனா "விளம்பரமும் கட்டுரையும் எப்படி மோதுது"ன்னு தலைப்பு வச்சா நல்ல ப்ராஜெக்ட் ஆகும். பக்கம் புரட்டும்போது வலது பக்கம்தான் முதல்ல கண்ணுல படும், அதனால அந்தப் பக்க விளம்பரத்துக்கு கூடுதல் ரேட் வாங்குற வழக்கம் உண்டு. எடிட்டருக்கு மிச்சம் இடது பக்கம், அங்க இருந்துக்கிட்டு ஒரு கலர் விளம்பரத்தோட போட்டி போடணும்.

தியரி எவ்வளவு போடணும்?

ரெண்டு போதும், ஆனா ரெண்டையும் வேலை வாங்குங்க. ஸ்டூவர்ட் ஹால் 1973-ல சொன்ன என்கோடிங் டிகோடிங், அதாவது செய்றவர் ஒரு அர்த்தம் வச்சு அனுப்ப, பாக்கிறவர் அத தன் வழியில பிரிச்சுப் படிக்கிறதுங்கிறத எடுத்தீங்கன்னா, நான் மேல சொன்ன மாதிரி நாலஞ்சு பேருகிட்ட காட்டி அவங்க சொன்னத எழுதினீங்கல்ல, அதுல யார் டிசைனர் நினைச்ச மாதிரியே படிச்சாங்க, யார் பாதி ஒத்துக்கிட்டாங்க, யார் எதிர்த்துப் படிச்சாங்கன்னு பிரிச்சுக் காட்டுங்க. எட்மண்ட் ஆர்னால்ட் சொன்ன குட்டன்பர்க் வரைபடம், கண்ணு இடது மேல ஆரம்பிச்சு வலது கீழ முடியும்ங்கிறது, அத எல்லாரும் போடறாங்க. அது சீரா எழுத்து நிறைஞ்ச பக்கத்துக்குத்தான் பொருந்தும், ஒரு பெரிய முகம் வந்துட்டா கண்ணு அங்கதான் முதல்ல போகும். நம்ம ஸ்ப்ரெட்ல அது எங்க பொருந்தல, ஏன் பொருந்தலன்னு எழுதுறதுலதான் மார்க் இருக்கு.

விதிய உடைச்ச டிசைன எப்படி அனலைஸ் பண்றது? படிக்கவே முடியலன்னா அது நல்ல டிசைனா?

1994-ல ரே கன்ங்கிற அமெரிக்க மியூசிக் இதழ்ல டேவிட் கார்சன், பாடகர் ப்ரையன் ஃபெர்ரியோட பேட்டிய முழுக்க முழுக்க ஜாஃப் டிங்பேட்ஸ்ல போட்டுட்டார். அது எழுத்தே இல்ல, நட்சத்திரம், அம்புக்குறி, பூன்னு குறியீடுகள் மட்டும் இருக்கிற ஃபான்ட். பேட்டி சலிப்பா இருந்துச்சுன்னு காரணம் சொன்னார். படிக்கக்கூடிய ஃபான்ட்ல முழு பேட்டியும் அதே இதழோட பின்னாடி இருந்தது, அத நிறையப் பேர் சொல்லாம விட்டுடறாங்க. அந்த இதழோட வாசகர் யாருன்னு பாத்தாதான் அது துணிச்சலா அலட்சியமான்னு முடிவு பண்ண முடியும். ராக் மியூசிக் கேக்கிற இளசுங்க, ஒழுங்குக்கு எதிரா இருக்கிறதுதான் அவங்க இசையே, அவங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு மாதிரி. அதே வேலைய ஒரு உடல்நல இதழ்ல மாத்திரை அளவு சொல்ற பக்கத்துல பண்ணா ஆபத்து. பேட்டி குடுத்த மனுஷரோட வார்த்தைய மறைக்க டிசைனருக்கு உரிமை உண்டாங்கிறது என்னளவுல இன்னும் சரியான கேள்வி, உங்க ரிப்போர்ட்ல அதுக்கு ஒரு பக்கம் எடுத்தீங்கன்னா நல்லது.

வாக்கியம் எப்படி எழுதறது? ஒரு உதாரணம் குடுங்களேன்.

இப்படி எழுதாதீங்க: "இந்த ஸ்ப்ரெட்ல பெரிய போட்டோ, அழகான ஃபான்ட், கண்ணைக் கவரும் கலர் பயன்படுத்தி வாசகரை ஈர்த்திருக்கிறார்கள்." இந்த வாக்கியத்த உலகத்துல இருக்கிற எந்த ஸ்ப்ரெட்டுக்குக் கீழயும் ஒட்டலாம்.

இப்படி எழுதுங்க: "போட்டோ மடிப்பைத் தாண்டி 35 மி.மீ. வலது பக்கத்துக்குள் வருகிறது, அந்த 35 மி.மீ.-ல் கழி பிடித்த கை மட்டும் இருக்கிறது. மடிப்போடு நிறுத்தியிருந்தால் படம் தனி, எழுத்து தனி என்று ஆகியிருக்கும். இப்போது கலைஞரின் கை நேராகத் தலைப்பைத் தொடுகிறது, 'என் கை பேசும்' என்ற தலைப்பும் அதையே சொல்கிறது." என்ன இருக்கு, இல்லன்னா என்ன ஆகியிருக்கும், இருக்கிறதால என்ன ஆச்சு. இந்த மூணும் ஒவ்வொரு பாராவுலயும் இருக்கான்னு பாத்துக்கோங்க.

அடுத்து சொந்தமா ஒரு ஸ்ப்ரெட் செய்யச் சொல்லியிருக்காங்க. டெக்னிக்கலா எத கவனிக்கணும்?

இன்டிசைன்ங்கிற லேஅவுட் சாஃப்ட்வேர்ல ஃபேசிங் பேஜஸ் ஆன் பண்ணி, 2-ம் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க, அப்பதான் ரெண்டு பக்கமும் பக்கத்துல பக்கத்துல வரும். சுத்தி 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போறதுக்காக படத்த விளிம்பத் தாண்டி நீட்டி விடற இடம்) விடுங்க. தமிழ் யூனிகோட் போட்டா பாராகிராஃப் மெனுவுல வேர்ல்ட் ரெடி கம்போஸருக்கு மாத்துங்க, இல்லன்னா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு சிதறும், ப்ரிண்ட் எடுத்த பிறகு பாத்து அழ வேண்டியதுதான். ஃபான்ட்டுக்கு காசு குடுக்கத் தேவையில்ல, நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனெக் தமிழ் எல்லாம் இலவசம். பாடி டெக்ஸ்ட் வெறும் கருப்பு மையில மட்டும் வரணும், நாலு மையும் கலந்த கருப்புல சின்ன எழுத்து போட்டா விளிம்பு மங்கும்.

ரெண்டு பக்கத்துக்கும் விரியுற போட்டோன்னா 300 டிபிஐ-க்கு ஏறக்குறைய 4961-க்கு 3508 பிக்சல் வேணும், அதாவது 17 மெகாபிக்சலுக்கு மேல. ஃப்ரெண்ட் வாட்ஸ்ஆப்ல அனுப்புன படம் அதுக்குப் பத்தாது, டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க இல்ல பென்டிரைவ்ல வாங்கிக்கோங்க. முக்கியமா, ஏ3 தாள்ல ப்ரிண்ட் எடுத்து நடுவுல மடிச்சுப் பாருங்க. ஸ்க்ரீன்ல நல்லா இருந்த ஹெட்டிங் மடிப்புல சிக்கியிருக்கும், அது அப்பதான் தெரியும்.

வைவால என்ன கேப்பாங்க?

"இந்த போட்டோவ வலது பக்கம் வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" "இந்த ப்ளர்ப்ப எடுத்துட்டா என்ன போச்சு?" "இது யாருக்காக செஞ்ச பக்கம், எத வச்சு சொல்றீங்க?" பெரும்பாலும் இந்த மாதிரிதான். ஸ்ப்ரெட்டோட ஜெராக்ஸ் ஒண்ண கத்தரிச்சு, போட்டோ, ஹெட்டிங், ப்ளர்ப் எல்லாத்தையும் தனித்தனி துண்டா ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. கேள்வி வந்தா மேஜையிலயே துண்டுகள மாத்தி வச்சுக் காட்டுங்க. ஒரிஜினல் இதழையும் கூட எடுத்துட்டுப் போங்க, அட்டை கிழியாம.